தைத்த இதயமும் தாளம் தப்பும் ஆபத்தும்

சில குழந்தைகளுக்கு உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கும்; அழுதால் நீலம் இன்னும் கூடும். கருவில் இதயம் சரிவர உருவாகாததே காரணம். இத்தகைய கோளாறு ஒன்றைப் பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ 1888-இல் தெளிவாக விளக்கினார். அதில் குறைகள் நான்கு: இரு கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் துளை, நுரையீரலுக்கு இரத்தம் செல்லும் வழியில் சுருக்கம், பெருந்தமனி அத்துளையின் மேலாக இடம் பெயர்ந்திருத்தல், வலக் கீழறைத் தசை தடித்தல்.

1954-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் லில்லெஹை என்ற அறுவை மருத்துவர் இதயத்தைத் திறந்து இக்குறைகளை முதன்முதலாகச் சரிசெய்தார். துளை அடைக்கப்பட்டது, சுருங்கிய வழி அகலமாக்கப்பட்டது. இன்று இச்சிகிச்சை பெற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் வளர்ந்து குடும்பம் நடத்துகின்றனர். ஆனால் மிகச் சிலர், நன்றாக நடமாடிக் கொண்டிருக்கும்போதே திடீரென்று இறந்துவிடுகின்றனர். ஏன்?

இதயத் தசையை இயக்குவது மின் துடிப்பு. அறுவையால் ஏற்பட்ட தழும்பின் வழியே மின்சாரம் பாயாது. தழும்புக்கும் வால்வுக்கும் இடையே எஞ்சிய குறுகிய தசைப்பட்டையில் அது மெல்ல ஊர்ந்து, சுற்றி வந்து, புறப்பட்ட இடத்தையே மறுபடியும் தூண்டிவிடலாம். பிறகு செக்கு மாடு போல் ஓயாத சுற்றுதான். கீழறைகள் தறிகெட்டு விரைந்து துடிக்கும்; முடிவில் வெறுமனே நடுங்கும். இரத்தம் வெளியேறாது. உடனே உதவி கிட்டாவிட்டால் சில நிமிடங்களில் உயிர் பிரியும்.

இதனை முன்கூட்டி அறிய முடியுமா? வழியை அகலமாக்கும்போது நுரையீரல் வால்வு பழுதாகி, இரத்தம் பின்னோக்கி ஒழுகுவதுண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல வலக் கீழறை ஊதிப் பெருக்கும். பெருத்த சுவரில் மின் துடிப்பு பரவ நேரம் அதிகமாகும். இந்த நேரத்தை இ.சி.ஜி. தாளில் 'கியூ.ஆர்.எஸ்.' என்னும் கூரிய அலையின் அகலம் காட்டுகிறது. இயல்பான இதயத்தில் அது 120 மில்லி செகண்டுக்கும் குறைவு. அது 180-ஐ எட்டியவர்களுக்கே ஆபத்து மிகுதி என்று லண்டன் மருத்துவர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சாதாரணத் தாள் ஒன்றே எச்சரிக்கை மணியாயிற்று!

எனினும், ஓர் எண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. மயக்கம், படபடப்பு, இடக் கீழறையின் பலவீனம், காந்தப் படத்தில் தெரியும் தழும்பின் அளவு ஆகிய அனைத்தையும் சேர்த்தே மருத்துவர் எடைபோடுகிறார். ஆபத்து மிக்கவருக்கு, தாளம் தப்பினால் மின்னதிர்ச்சி தந்து மீட்கும் சிறு கருவியை மார்பில் பொருத்துவர். அக்கருவி சில வேளை தேவையின்றியும் அதிர்ச்சி தரும். அதன் கம்பி பழுதாகலாம். ஆகவேதான் எல்லோருக்கும் அதைப் பொருத்துவதில்லை. சிலருக்குப் புதிய வால்வு பொருத்தலாம். மின்சுற்று ஓடும் பட்டையைச் சுட்டு அதன் வழியை அடைக்கலாம்.

குழந்தைப் பருவத்தில் இதயம் தைக்கப்பட்டவர், 'குணமாகிவிட்டது' என்று பரிசோதனையை நிறுத்திவிடக் கூடாது. பழைய அறுவைச் சிகிச்சைக் குறிப்பைப் பத்திரப்படுத்துங்கள். காரணமில்லாத மயக்கமோ படபடப்போ வந்தால் தள்ளிப் போடாமல் மருத்துவரை நாடுங்கள். தைத்த இதயம் நெடுநாள் உழைக்கும். அதை ஆயுள் முழுதும் கவனிக்க வேண்டும்.