டிஸ்சார்ஜ் சம்மரியில் பிசியோதெரபி இருக்கிறதா?

2021 ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரு ஆக்ஸிஜன் படுக்கைக்காக அலைந்தபோது, உயிரோடு வீடு திரும்பினாலே போதும் என்று இருந்தோம். அந்த நினைப்பு இன்னும் மாறவில்லை. கோவிட்டுடன் வார்டிலும் ஐசியூவிலும் கிடந்துவிட்டு வருகிறவர்கள் கையில் மாத்திரைச் சீட்டு இருக்கிறது. எழுந்து நடமாட என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய சீட்டு இல்லை. சில வீடுகளில் ஓய்வு என்ற பெயரில் மாதக்கணக்கில் கட்டிலிலேயே கிடத்துகிறார்கள். சில வீடுகளில் மறுநாளே மாடிப்படி ஏறச் சொல்கிறார்கள். இரண்டும் ஆபத்து.

ஐசியூவில் படுத்த பத்தே நாளில் தொடைத் தசை சராசரியாகச் சுமார் 18 சதவீதம் கரைகிறது என்று 2013லேயே லண்டன் ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. ஆகவே பிசியோதெரபி வார்டிலேயே தொடங்க வேண்டும்: குப்புறப் படுக்க வைப்பது, கட்டில் ஓரத்தில் உட்கார வைப்பது, பிடித்து நிற்க வைப்பது. பிசியோதெரபிஸ்ட் எப்போது வருவார் என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைப் பலர் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது. குழாயை வாயில் வைத்து மூச்சை மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். விற்கும் கடையில் இதை யாரும் சொல்வதில்லை. மருத்துவமனையிலாவது ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு முன், உடலை வருத்தும்போது ஆக்ஸிஜன் இறங்குகிறதா, இதயத்தில் பாதிப்பு உண்டா என்று பார்த்துவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க, விரலில் ஆக்ஸிமீட்டரோடு ஒரு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். 3, 4 புள்ளி இறங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். 90க்குக் கீழே போனாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ 108ஐ அழையுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பயிற்சி செய்த மறுநாள் எழ முடியாத அளவு அசதி வந்தால் பயிற்சியைக் குறைக்க வேண்டும். "பழகிடும்" என்று தள்ளிவிடாதீர்கள்.

இனி காகிதம். டிஸ்சார்ஜ் நாளில் எல்லோர் கவனமும் பில் கவுன்ட்டரில்தான். கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படியுங்கள். என்ன பயிற்சி, வாரத்துக்கு எத்தனை தடவை, எத்தனை வாரம், ஆக்ஸிஜன் எதற்குக் கீழே போனால் திரும்பி வர வேண்டும் ஆகிய நான்கும் டாக்டர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாயால் சொன்னது எங்கேயும் செல்லாது. எழுதி வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் பணமும் இந்தக் காகிதத்தில்தான் நிற்கிறது. ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரை ஆகும் சிகிச்சைச் செலவைக் கேட்கலாம்; பழைய கொரோனா கவச் பாலிசியில் அது 30 நாளாகத்தான் இருந்தது. உங்கள் பாலிசியில் எத்தனை என்று பாருங்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் தேதி போட்ட ரசீது, பிசியோதெரபிஸ்ட்டின் பெயர், கையெழுத்து, டாக்டரின் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து, பாலிசி சொல்லும் கெடு முடிவதற்குள் கம்பெனியிடம் கொடுங்கள். டாக்டர் எழுதித் தராத பிசியோ பில்லுக்குக் காசு வராது. மறுபடியும் சொல்கிறேன், எழுதி வாங்குங்கள்.

சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. "அப்புறம் வாங்க" என்று அலைக்கழித்தால், தேதி போட்ட மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் செய்யுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, பெங்களூரு ஜே.பி. நகர் முதல் ஃபேஸில் ஜீவன் சௌதா கட்டடத்தில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். உங்கள் புகாருக்குக் கம்பெனியின் பதில் வந்த நாளிலிருந்து, பதில் வராவிட்டால் அந்த ஒரு மாதம் முடிந்த நாளிலிருந்து, ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்; மறுப்புக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, பிசியோ ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களை அதோடு இணையுங்கள்.