ஹீட்டரும் சிறிய பிளக்கும்

காந்திபுரத்தில் மார்கழி விடியலுக்குப் போர்வையே போதும். உதகை உறவினர் வீட்டுக்கு ஹீட்டர் வாங்குகிறீர்களா? அதன் தகட்டைப் பாருங்கள். 2000 வாட் எனில், 230 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் சுமார் 8.7 ஆம்பியர். மின்விசிறிக்கான சிறிய பிளக் பாயிண்டோ 6 ஆம்பியருக்கே உரியது. 16 ஆம்பியர் பாயிண்டே இதற்கு ஏற்றது.

'சிறிய பிளக்கை மாட்டினால் நுழைகிறதே' என்பீர்கள். நுழையும், ஆபத்தும் அங்கேதான். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உண்டாகும் என்பது 1841-இல் ஜூல் வெளியிட்ட விதி. தளர்ந்த தொடுமுனையில் அரை ஓம் மின்தடை இருந்தாலே அங்கு ஏறத்தாழ 38 வாட் வெப்பம் பிறக்கும். ரேடியோ பழுது பார்ப்பவரின் 25 வாட் சால்டரிங் அயர்னைவிட இது அதிகம்! மின்னோட்டம் கூடாததால் ஃப்யூஸும் காப்பாற்றாது.

அரை மணி கழித்து, சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் மீண்டும் போடாதீர்கள், எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.