கம்பெனிக்கு பிளாக் எழுதுறீங்களா? கட்டுரை யாருக்குச் சொந்தம், காசு எப்ப வரணும்?

"மாசம் நாலு பிளாக். ஒண்ணு ஆயிரம் வார்த்தை. பேர் போட மாட்டோம். பேமென்ட் மாசக் கடைசியில."

ஃப்ரீலான்ஸாக எழுதும் பலருக்கு வேலை இப்படி ஒரு வாட்ஸ்அப் மெசேஜில்தான் ஆரம்பிக்கிறது. இவர் "ஓகே" என்று பதில் போடுவார், வேலை ஓடத் தொடங்கிவிடும். சில மாதம் கழித்து இரண்டு இன்வாய்ஸ் நிலுவையில் நிற்கும்போதுதான் கேள்விகள் எழும். எழுதிய கட்டுரை யாருக்குச் சொந்தம்? பணம் எத்தனை நாளில் வர வேண்டும்? வராவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த மூன்றுக்கும் இந்தியச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அது பெரும்பாலும் எழுதுபவருக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஆனால் வேலை தொடங்கும் முன்பே சில விஷயங்களை எழுத்தில் வைத்துக்கொண்டவருக்குத்தான் அது முழுசாகக் கைகொடுக்கும்.

கம்பெனிகள் ஏன் பிளாக்குக்குச் செலவு செய்கின்றன?

விளம்பரத்துக்குக் காசு கட்டுவதை நிறுத்தினால், அன்றைக்கே அது வரும் வழியும் நின்றுவிடும். பிளாக் அப்படியில்லை. கணக்கு மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனம், ஜிஎஸ்டி ரிட்டர்னை எப்படித் தாக்கல் செய்வது என்று ஒரு நல்ல கட்டுரை போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கேள்வியைத் தேடுகிற கடைக்காரர் ஒருவர் அந்தப் பக்கத்துக்கு வருவார். அவரே நாளைக்கு வாடிக்கையாளர் ஆகலாம். அவ்வப்போது புதுப்பித்து வந்தால், ஒரு கட்டுரை பல வருடம் இப்படி ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கும். நிறுவனத்தைப் பொறுத்தவரை அது ஒரு சொத்து. வார்த்தைக்கு இத்தனை ரூபாய் என்று பேரம் பேசும்போது எழுதுபவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

"அதான் ஏஐ எழுதிடுமே, இனி ஆள் எதுக்கு?" என்று கேட்கலாம். கட்டுரையை எழுதியது மனிதரா இயந்திரமா என்பதை விட அதன் தரமே முக்கியம் என்று 2023 பிப்ரவரியில் கூகுள் சொன்னது. 2024 மார்ச்சில், தேடல் வரிசையில் முன்னுக்கு வருவதற்காகவே மொத்த மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்களை ஸ்பேம் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், தேடல் பக்கத்திலேயே ஏஐ சுருக்கமாகப் பதில் தரும் வசதி இந்தியாவுக்கு வந்தது. ஆக, எங்கும் கிடைக்கிற பொதுத் தகவலைத் திரட்டித் தரும் கட்டுரைக்கு மவுசு குறைகிறது. வாடிக்கையாளரிடம் பேசி எழுதியது, நிறுவனத்தின் சொந்தத் தரவை விளக்கியது, துறை தெரிந்தவரின் அனுபவம் கலந்தது ஆகியவைதான் நிற்கும். நீங்கள் கட்டணம் பேச வேண்டியது அந்த உழைப்புக்கு.

எழுதிய கட்டுரை யாருக்குச் சொந்தம்?

"காசு கொடுத்தது அவங்க, அப்ப கட்டுரையும் அவங்களோடதுதானே?" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் தன் பணியின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை நிறுவனத்துக்குப் போகும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படமோ வரையச் சொன்ன ஓவியமோ என்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனால் இந்த இரண்டாவது பட்டியலில் எழுத்துப் படைப்பு இல்லை. அதனால் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவருக்கு ஒரு விதி, கம்பெனிக்குக் கட்டுரை எழுதிய ஃப்ரீலான்ஸருக்கு வேறு விதி. ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, ஃப்ரீலான்ஸராக நீங்கள் எழுதிய கட்டுரையின் முதல் உரிமையாளர் நீங்கள்தான்.

அந்த உரிமையை நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமானால், அது எழுத்தில் இருக்க வேண்டும், நீங்கள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று அதில் குறிப்பிடவில்லையென்றால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடவில்லையென்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நிறுவனங்கள் அனுப்பும் ஒப்பந்தத்தில் "நிரந்தரமாக, உலகம் முழுக்க" என்ற வரி இருக்கும். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் நீங்கள் எதை விற்கிறீர்கள் என்று தெரிந்து விற்க வேண்டும். முழு உரிமைக்கு ஒரு கட்டணம், அவர்கள் தளத்தில் மட்டும் வெளியிட இன்னொரு கட்டணம் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பேர் போடாத கட்டுரைக்கும் ஒரு வழி உண்டு. பதிப்புரிமையைக் கொடுத்த பிறகும், இதை எழுதியது நான் என்று சொல்லும் உரிமை ஆசிரியரிடமே இருக்கும் என்கிறது அதே சட்டத்தின் 57-வது பிரிவு. இருந்தாலும், ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு இதைக் கிளப்பினால் சிக்கல்தான். அடுத்த வேலை தேடும்போது மாதிரிக்குக் காட்டிக்கொள்ள அனுமதி உண்டு என்று முதலிலேயே ஒரு வரி வாங்கிவிடுவது நல்லது.

பணம் எத்தனை நாளில் வரணும்?

இங்கே உதவிக்கு வருவது 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். "நான் தனி ஆளு, நான் எப்படித் தொழில் நிறுவனம் ஆவேன்?" என்ற சந்தேகம் வரலாம். சேவை தரும் தனிநபரும் குறு நிறுவனமாக உத்யம் தளத்தில் பதிவு செய்யலாம். ஆதார், பான் எண் இருந்தால் போதும், கட்டணம் எதுவும் கிடையாது. காசு கேட்கும் போலித் தளங்களும் உண்டு என்பதால், அரசுத் தளம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்தவருக்கு, ஒப்பந்தத்தில் என்ன போட்டிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் கெடு 15 நாள். "90 நாள் கழிச்சுத்தான் பேமென்ட், எங்க பாலிசி அப்படி" என்பது இங்கே செல்லாது. கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். அந்த விகிதம் 6% என்று வைத்துக்கொண்டால், நிலுவைக்கு ஆண்டுக்கு 18% கணக்கில் வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டி.

இன்னொரு பிடியும் உண்டு. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அதைச் செலவாகக் காட்டி வரிச் சலுகை பெறுவது உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது. அதனால்தான் ஆண்டு முடியும் மார்ச் மாதத்தில் பல நிறுவனங்களின் கணக்குப் பிரிவு உத்யம் எண் உள்ள பில்களைத் தேடி எடுக்கிறது. உங்கள் இன்வாய்ஸில் அந்த எண் இருக்கிறதா?

வரலன்னா யாரிடம் போறது?

முதலில், இன்வாய்ஸ் எண், தேதி, கெடு மூன்றையும் குறிப்பிட்டு மின்னஞ்சலில் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். போனில் பேசியதையும் பிறகு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால், மத்திய அரசின் குறு, சிறு தொழில் அமைச்சகத் தளத்தில் புகார் பதிவு செய்யலாம். அது மாநிலத்தில் உள்ள வசதி மன்றத்துக்குப் போகும்.

இதில் முக்கியமான விஷயம், வழக்கு நடப்பது சேவை தந்தவர் இருக்கும் இடத்தில். நிறுவனம் குருகிராமிலோ மும்பையிலோ இருந்தாலும், மதுரையில் உட்கார்ந்து எழுதியவர் தமிழ்நாட்டிலேயே முறையிடலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நிறுவனம் நீதிமன்றம் போக வேண்டுமானால் தொகையில் 75% முன்கூட்டிக் கட்ட வேண்டும். 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கத்தான் செய்யும்.

ஒரு எச்சரிக்கை. வேலையை முடித்துவிட்டுப் பிறகு பதிவு செய்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடைக்காது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. இது பற்றிய விவாதம் நீதிமன்றங்களில் தொடர்ந்தாலும், பதிவை முதலில் முடித்துவிடுவதே பாதுகாப்பு. வெளிநாட்டு கிளையன்ட்டிடம் இந்தச் சட்டத்தை வைத்துப் பணம் வாங்குவது கஷ்டம். அங்கே அட்வான்ஸ்தான் காவல்.

வரியில் எதைக் கவனிக்கணும்?

நிறுவனம் பணம் தரும்போது டிடிஎஸ் பிடித்திருந்தால், அது உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால், ரிட்டர்ன் போடும் நேரத்தில் அலைய வேண்டியது நீங்கள்தான். ஜிஎஸ்டி பதிவைப் பொறுத்தவரை, சேவை தருவோருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் கட்டாயம்.

"ஓகே" சொல்றதுக்கு முன்னாடி

பெரிய ஒப்பந்தப் பத்திரம் தேவையில்லை. ஒரே மின்னஞ்சலில் கீழே உள்ளவற்றை எழுதி, "சம்மதம்" என்று பதில் வாங்கினால் வேலையைத் தொடங்கலாம். உரிமையை மாற்றுவதற்கு மட்டும் தனியாகக் கையெழுத்து வேண்டும்.

- எத்தனை கட்டுரை, எத்தனை வார்த்தை, தகவல் திரட்டுவது யார்.
- கட்டணத்துக்குள் எத்தனை முறை திருத்தம், அதற்கு மேல் போனால் எவ்வளவு.
- கட்டுரை அனுப்பி எத்தனை நாளில் பதில் வராவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்வது. 45 நாள் கணக்கு இங்கிருந்துதான் ஓடும்.
- பணம் வரும் தேதி, முதல் வேலைக்கு அட்வான்ஸ், பாதியில் நிறுத்தினால் எவ்வளவு.
- உரிமை எப்போது மாறும். முழுப் பணமும் வந்த பிறகு என்று இருப்பது உங்களுக்கு நல்லது.
- மாதிரியாகக் காட்டிக்கொள்ள அனுமதி.

இதைக் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் புதிதாக வருபவர்களுக்கு இருக்கும். ஒழுங்காகப் பணம் தரும் நிறுவனத்துக்கு இந்த ஆறு வரிகளில் எதுவும் புதிதல்ல, தன்னிடம் பொருள் விற்பவர்களிடமும் அது இதையேதான் எழுதி வாங்குகிறது. எழுத மறுக்கும் நிறுவனம் எப்படிப் பணம் தரும் என்பதை, ஒரு வார்த்தை கூட எழுதாமலே நீங்கள் தெரிந்துகொள்கிறீர்கள்.