சங்க நூல்களில் குறுமுயல்: வேட்டையும் விருந்தும்

முன்னுரை

சங்க நூல்களில் யானையும் புலியும் பெறும் சிறப்பைக் குறுமுயல் பெறுவதில்லை. ஆயினும் எளிய மக்களின் அடுப்பையும் அவர்தம் விருந்தோம்பலையும் அறிதற்கு அச்சிறு விலங்கே சிறந்த சான்றாகின்றது. பிறநாடுகளில் தமிழ் பயிலும் இளையோர் பலர் இப்பாடல்களை ஆங்கில வழியே அறிகின்றனர். அங்கு ‘முயல்’ என்பது ‘ரேபிட்’ எனப் பெயர்க்கப்படின் பாடலின் காட்சியே மாறிவிடும். ஆதலின் முயலின் இயல்பு, அதனை வேட்டையாடிய முறை, அதன் ஊனை உண்ட முறை ஆகிய மூன்றையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

எந்த முயல்?

ஐரோப்பாவின் ஐபீரியத் தீவக்குறையைத் தாயகமாகக் கொண்ட ‘ரேபிட்’ நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. அதன் குட்டிகள் மயிரின்றிக் கண் மூடிய நிலையில் பிறக்கும். தமிழகத்திலும் இலங்கையிலும் இயற்கையாக வாழும் காட்டுமுயலோ ‘ஹேர்’ வகையைச் சார்ந்தது. பிடரியில் கருநிறம் கொண்ட இவ்விலங்கு தானே வளை தோண்டுவதில்லை. புல்லிலும் புதரிலும் பதுங்கிக் கிடக்கும். இதன் குட்டிகள் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். பெரும்பாணாற்றுப்படை முயலின் நீண்ட செவிக்குத் தாமரையின் புறவிதழை உவமையாக்குகின்றது. குறுஞ்செவி உடைய ‘ரேபிட்’டுக்கு இவ்வுவமை பொருந்தாது.

வேட்டை முறை

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய அந்நூல் கானவரின் வேட்டையை முறைப்பட உரைக்கின்றது. நள்ளிரவில் அவர்கள் குழியில் மறைந்து, நீருண்ண வரும் பன்றியை எதிர்நோக்குவர். அவ்வேட்டை வாய்க்காதபோது, பகலில் நாய்களுடன் சென்று புதர்களை அடித்துக் கலைப்பர். வேலியோடு தொடர்வலைகளை மாட்டி, முயல்கள் தப்பிச்செல்ல வழியின்றி வளைத்துப் பிடிப்பர்.

இம்முறை விலங்கின் இயல்பை நன்கறிந்து அமைந்தது. வளையினுள் ஒளியும் விலங்காயின் நிலத்தை அகழ வேண்டும். புதரில் கிடந்து, அஞ்சியவுடன் பாய்ந்தோடும் விலங்கிற்கே கலைத்தலும் வலையும் பயன்படும். நற்றிணை 59ஆம் பாடலில் வரும் வேட்டுவன் உடும்பைக் கொல்கிறான், நுணலை அகழ்ந்தெடுக்கிறான், புற்றிலிருந்து ஈயலைக் கொள்கிறான், முயலையோ எறிந்து வீழ்த்துகிறான். ஒவ்வோர் உயிர்க்கும் அதன் வாழிடத்திற்கேற்ற வினை கூறப்பட்டுள்ளது.

முயல் காட்டில் மட்டும் வாழ்ந்ததன்று. புறநானூறு 322ஆம் பாடலில், சிறுவர் வில்லெடுத்து ஆரவாரிக்க, வெருண்ட முயல் மன்றத்தினுள் பாய்ந்து கரிய கலங்களை உடைக்கின்றது. வன்புலத்துச் சிற்றூர்களில் அது மனிதர்க்கு மிக அணுக்கமாக வாழ்ந்தமை இதனாற் புலனாகும்.

சுட்ட ஊனும் விருந்தும்

முயலின் ஊனைச் சுட்டு உண்டமையைப் புறநானூறு காட்டுகின்றது. கிள்ளிவளவனை ஆலத்தூர் கிழார் பாடிய 34ஆம் பாடலில், வரகைப் பாலில் சமைத்துத் தேன் கலந்த உணவுடன், சுட்ட முயலின் ஊனைப் பாணர் தம் சுற்றத்தோடு உண்கின்றனர். வரகு புன்செய்த் தானியம். பால் ஆநிரையின் பயன். தேனும் முயலும் காடு தருவன. ஒரு நிலத்தின் விளைவும் வளமும் ஒரே உணவில் ஒன்றுகூடுகின்றன.

319ஆம் பாடல் காட்டும் விருந்து வேறு. பொழுது மறைந்தபின் பாணன் வருகின்றான். முற்றத்தில் தினையைத் தூவிப் புறாவையும் இதலையும் பிடிக்க நேரமில்லை. ஆதலின் மனையோர், சுட்ட முயலேனும் தருவோம், இங்கே தங்குக என்கின்றனர். அந்த ‘ஏனும்’ என்ற தயக்கத்திலேயே முயலின் மதிப்பு விளங்குகின்றது. பன்றி வேட்டை பிழைத்தபின் கானவர் முயலை நாடுவதும் இதனோடு ஒத்தது. படைச்செருக்கு அதிகாரத்தில் திருவள்ளுவரும், முயலை வீழ்த்திய அம்பினும் யானையைத் தாக்கிப் பிழைத்த வேலையே சிறப்பித்தார். வீரத்தின் அளவுகோலில் முயல் சிறிது. எனினும் இருப்பதைப் பகிரும் மனையில் அதுவே விருந்தாகின்றது.

முடிவுரை

இன்று இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இம்முயலைக் காக்கின்றது. அதனை வேட்டையாடுதல் குற்றமாகும். எனவே அவ்வேட்டையையும் அவ்விருந்தையும் அறியப் பாடல்களே வாயிலாக நிற்கின்றன. அவற்றைப் பிறமொழியில் பெயர்ப்போர் ‘ஹேர்’ என்னும் சொல்லையே ஆளுதல் தகும். ஒரு சொல் பிழைபடின், நாய் கலைத்த புதரும் விரித்த வலையும் பொருளற்றுப் போகும். சொல் செம்மையுறின், அந்தி கழிந்து வந்த பாணனுக்குச் சுட்ட முயலை அளித்த அம்மனையின் முற்றம் அயல்நாட்டில் பயிலும் மாணவர்க்கும் தெளிவாகத் தோன்றும்.