மின்சாரத்துக்கும் ஒரு கூட்டுறவு!

பாலுக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, கடனுக்கு இருக்கிறது, வீடு கட்டவும் இருக்கிறது. மின்சாரத்துக்கு? "அதெல்லாம் சர்க்கார் சமாசாரம். பில் வந்தால் கட்டுவதுதான் நம் வேலை" என்று சும்மா இருந்துவிடுகிறோம்.

ஓசூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள். அவற்றைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள். அத்திப்பள்ளி எல்லை தாண்டிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் குடியிருப்பு இங்கேதான். வீட்டு பில்லைக்கூடப் பொறுத்துக் கொள்ளலாம். லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் வருகிற பொது பில் இருக்கிறதே, அதுதான் அண்டை வீட்டாரிடையே மனஸ்தாபத்துக்கு விதை!

நம் மாநிலத்துப் பெரிய ஆலைகள் பல, எங்கோ தென் மாவட்டத்தில் காற்றாலை நட்டு, அந்த மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் சேர்த்து, இங்கே தங்கள் கணக்கில் கழித்துக் கொள்கின்றன. முதலாளிகளுக்கு முடிவது சாமான்ய ஜனங்களுக்கு முடியாதா?

முடியும் என்று காட்டிய ஊர் ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. மேட்டுப்பாளையத்துக்கு அருகே உள்ள ஓடந்துறைதான் அது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்குமான கட்டணம் ஊராட்சியை விழுங்கிக் கொண்டிருந்தது. தலைவர் ஆர். சண்முகமும் ஊர் மக்களும் 2006-இல் துணிந்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். விலை ஒரு கோடியே 55 லட்ச ரூபாய்! ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம். மீதி பாங்குக் கடன். காற்றாலை நின்றதோ உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில். வருஷத்துக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைக்க, ஊரின் தேவை 4.5 லட்சந்தான். மிச்சத்தை வாரியத்துக்கு விற்ற காசு கடன் தவணைக்குப் போயிற்று. சண்முகத்துக்குப் பின் அவர் மனைவி லிங்கம்மாள் தலைவியானார் என்பது சகோதரிகள் கவனிக்க வேண்டிய செய்தி!

ஓடந்துறையில் செய்தது ஊராட்சி. சங்கமே வைத்து நடத்துவதைப் பார்க்க வேண்டுமானால் கர்நாடகத்துக்குப் போக வேண்டும். பெல்காம் ஜில்லாவில் ஹுக்கேரி கிராம மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் 1969-இல் தொடங்கி, இன்றைக்கும் வீடுகளுக்கு மின்சாரம் வழங்கி வருகிறது. நிர்வாகிகளை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். குஜராத்தில் துண்டி என்ற கிராமத்தில் 2016-இல் ஆறே விவசாயிகள் சேர்ந்து சூரிய மின்சாரச் சங்கம் கண்டார்கள். பம்புக்குப் போக மிஞ்சியதை விற்று அவர்கள் சம்பாதித்தது வேறு கதை.

எல்லாச் சங்கமும் இப்படித் தழைத்து விடவில்லை. ஹுக்கேரியோடு ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தது மகாராஷ்டிரத்து முளா-பிரவரா சங்கம். மாநில மின்வாரியத்துக்குத் தர வேண்டிய பாக்கி மலைபோல் குவிந்தது; 2011-இல் மின்சாரம் வழங்கும் உரிமையே கைவிட்டுப் போயிற்று. வசூலும் கணக்கும் தளர்ந்தால் எந்தச் சங்கமும் நிற்காது. இதை நம் பெண்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? மாதச் சீட்டையும் சுய உதவிக் குழுவையும் காசு பிசகாமல் நடத்துகிறவர்கள் அவர்கள்தானே!

அடுக்குமாடியில் இருப்பவர்கள் காற்றாலையை எங்கே நடுவது என்று கேட்கலாம். காற்றாலை வேண்டாம், மொட்டை மாடி போதும். வற்றல் காயப் போடும் வெயிலே மூலதனம்! ஒரு கிலோவாட் சூரியத் தகட்டுக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி இடம் வேண்டும். நல்ல வெயிலில் நாளைக்கு நாலு யூனிட் தரும். பத்து கிலோவாட் வைத்தால் நாற்பது யூனிட். மத்திய சர்க்கார் 2024-இல் கொண்டு வந்த 'பிரதம மந்திரி சூர்ய கர்' திட்டத்தில், குடியிருப்போர் சங்கங்களின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் வகுத்தார்கள். பத்து கிலோவாட்டுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம்!

ஆனால், தகடு வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. எல்லாக் குடும்பங்களும் கூடிப் பேச வேண்டும். யார் பங்கு எவ்வளவு, தூசி துடைப்பது யார், வீட்டை விற்றுப் போகிறவர் பங்கு என்ன ஆகும் என்றெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வரவு செலவை மாதம் தவறாமல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். மின்வாரிய அலுவலகத்துக்கு ஒரு நடை போய், இணைப்பு விதிகளையும் மானிய நிலவரத்தையும் கேட்டுக் கொள்வது அவசியம்.

சூரியன் பில் அனுப்புவதில்லை. கணக்கை மட்டும் நாம் ஒழுங்காக வைத்துக் கொண்டால் போதும்!