ஒரே தகட்டில் இரண்டு கல்வாரி

1653ஆம் ஆண்டு. ஆம்ஸ்டர்டாமில் இருந்த ரெம்பிராண்ட், ஏறத்தாழ 38 செ.மீ. உயரமும் 45 செ.மீ. அகலமும் கொண்ட செப்புத் தகட்டில் கல்வாரிக் காட்சியைக் கீறினார். நடுவில் இயேசு, இருபுறமும் இரண்டு கள்வர்கள், கீழே படைவீரர்கள், அழுகிறவர்கள், கலைந்து போகிறவர்கள். ‘மூன்று சிலுவைகள்’ என்று அறியப்படும் படம் அதுதான்.

இதைப் பொதுவாக எட்சிங் என்கிறார்கள். கறாராகப் பார்த்தால் அப்படியல்ல. எட்சிங்கில் தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார்கள். கோட்டைக் குழிப்பது அமிலம். இங்கே அமிலத்துக்கு வேலையே இல்லை. செம்பை நேரடியாக ஊசியால் கீறியிருக்கிறார், சிற்றுளியும் துணைக்கு. ஏர் போன சாலின் ஓரத்தில் மண் ஒதுங்குவதுபோல, ஊசி போன தடத்தின் ஓரத்தில் செம்புப் பிசிறு எழும். அதில் மை தங்குவதால்தான் கோடுகள் அச்சில் அத்தனை கருமையாக, மெத்தென்று விழுகின்றன.

ஆனால் பிசிறு மெலிது. அச்சு அழுத்தத்தில் சீக்கிரமே நசுங்கிவிடும்.

தாளில் மட்டுமல்ல, பதனிட்ட கன்றுத் தோலிலும் ரெம்பிராண்ட் பிரதிகள் எடுத்தார். தகட்டில் மையை வேண்டுமென்றே துடைக்காமல் விட்டு, ஒரு பிரதியில் நிழலைக் கூட்டினார், இன்னொன்றில் குறைத்தார். இந்தத் தொடக்கப் பிரதிகளில் மேலிருந்து ஒளி கொட்டுகிறது. லூக்கா நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் கடவுளைப் போற்றும் நூற்றுவர் தலைவர், குதிரையை விட்டு இறங்கிச் சிலுவைமுன் மண்டியிடுகிறார்.

தகடு தேய்ந்தது. வேறொருவராக இருந்தால் மங்கிய கோடுகளைச் சரிசெய்துவிட்டு அச்சடித்திருப்பார். ரெம்பிராண்ட் பல உருவங்களைச் சுரண்டியெடுத்து, ஏறக்குறைய வேறு படமே போட்டுவிட்டார். மண்டியிட்ட தலைவரைக் காணோம். உயரத் தொப்பி அணிந்த குதிரைவீரர் ஒருவர் புதிதாக வந்து நிற்கிறார். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் பிசனெல்லோ வார்த்த பதக்கத்திலிருந்து வந்த உருவம் அது. நீண்ட கோடுகள் செங்குத்தாக இறங்கிக் கூட்டத்தை மூடுகின்றன.

முதல் படத்தில் யார் யார் என்று விரல்வைத்துச் சொல்லலாம். இரண்டாவதில் அந்த வசதி கிடையாது; பார்ப்பவரும் தட்டுத்தடுமாறித்தான் போகவேண்டும். நண்பகலில் கவிந்ததாக லூக்கா சொல்லும் இருளுக்கு இதுவே நெருக்கம். அழகு என்று கேட்டால் முதலாவதையே பலர் காட்டக்கூடும், அதில் தவறும் இல்லை.

பின்னாளில் பிரான்ஸ் கேரல்சே என்ற பதிப்பாளர் தம் பெயரையும் தகட்டில் பொறித்து, மேலும் பிரதிகள் எடுத்தார்.