காசநோய் ரத்தத்தில் வருமா?



கழுகுமலையில் எங்கள் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனதோடு சரி. மறுநாள் தரகர் வந்து அப்பாவிடம் சொன்னார்: "உங்க தம்பிக்கு டி.பி. இருந்துச்சாமே? அது ரத்தத்துலயே வர்ற நோயின்னு சொல்லுதாக." சித்தப்பா ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி இரண்டு வருஷம் ஆச்சு. அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை.

அது உண்மைதானா என்று தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

காசநோய் கிருமியால் வருவது. அதை 1882-ல் ராபர்ட் காக் கண்டுபிடித்தார். நோயாளி இருமும்போது காற்றில் பரவும். ஆனால் கிருமி உள்ளே போன நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் அது நோயாக மாறுகிறது. ஏன் இந்த வித்தியாசம்?

நம்ம ஒர்க்‌ஷாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே டிராயிங், ஒரே லேத். ஆனாலும் மைக்ரோமீட்டர் வைத்தால் ஒரு பீஸ் போல இன்னொன்று இருக்காது. மரபணுவும் அப்படித்தான். கிருமியின் துண்டைப் பிடித்து உடம்பின் காவல் செல்களுக்குக் காட்டுகிற எச்.எல்.ஏ. புரதங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் 1991-ல் வெளியிட்ட ஆய்வில், எச்.எல்.ஏ.-டி.ஆர்.2 என்ற வகை காசநோயாளிகளிடம் அதிகம் காணப்பட்டது. சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுகளும் பின்னர் இதையே காட்டின.

"அப்போ தரகர் சொன்னது சரிதானே?" என்பீர்கள். சரியில்லை! அந்த வகை உள்ளவர்களில் பெரும்பாலோர் நோயில்லாமலே வாழ்கிறார்கள். ஷாஃப்ட் கொஞ்சம் மெலிசாக இருந்தால் தானாக ஒடியாது, லோடு ஏறணும். இங்கே லோடு என்பது கிருமியும், அதோடு சேர்கிற பட்டினி, சர்க்கரை நோய், பீடி, காற்றோட்டமில்லாத வீடு இவைதான். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நோயாளிகளின் குடும்பத்தாருக்குச் சத்தான உணவுப்பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அதே ரத்தம்தான், மாறியது சாப்பாடு.

நண்பர்களே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? மறைக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். முழுசாகச் சாப்பிட்டால் குணமாகும்.

தை மாதம் அக்காவைப் பார்க்க இன்னொரு வீட்டார் வருகிறார்கள். திண்ணையில் முன்னால் உட்கார்ந்து பேசப்போவது சித்தப்பாதான். கேட்டால் மறைக்காமல் சொல்லப்போகிறோம்.